ஒரு நூலா, பல நூல்களா? – மேசை விளையாட்டு நூல்களின் ஐம்பதாண்டு வரலாறு

சென்ற பள்ளி விடுமுறையின்போது எங்கள் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். தலைநகரில் உயர்கல்வி பயில்பவர். அவர் கையில் செங்கல் கனத்தில் ஒரு நூல் இருந்தது. பாடநூலோ என்று வாங்கிப் பார்த்தேன். "இல்லை ஐயா, இது விளையாட்டு நூல். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிறோம். இதே விளையாட்டுக்கு இன்னும் பல நூல்கள் கடையில் இருக்கின்றன. எல்லாம் அடங்கிய நூல் ஒன்று போதுமா, ஒவ்வொரு பொருளுக்கும் தனி நூல் வாங்க வேண்டுமா என்று எங்களுக்குள் வழக்கு. நீங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

விளையாட்டுக்கு இத்தனை நூலா என்ற வியப்பே முதலில் எழுந்தது. அவர் விட்டுச் சென்ற நூலையும் அதன் வரலாற்றையும் படித்த பிறகு, அது ஐந்து இளைஞரின் வழக்கு மட்டுமன்று, நூல் எழுதுவோர்க்கும் நூல்கொண்டு கற்பிப்போர்க்கும் பொதுவான வழக்கு என்பது விளங்கிற்று. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தார் நன்னூலார். ஒரு நூல் தன்னளவில் நிற்பதா, மற்றொன்றைச் சார்ந்து நிற்பதா என்னும் ஆராய்ச்சி நமக்குப் பழையது. அதே ஆராய்ச்சி அமெரிக்க நாட்டில் ஒரு பொழுதுபோக்கு விளையாட்டைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளாக எழுந்தும் அடங்கியும் வந்திருக்கிறது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

விளையாட்டின் இயல்பு

இதனைப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்று கூறலாம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடத்துநர். காடு, கோட்டை, நிலவறை, அங்கே உறையும் பூதம் ஆகியவற்றை அவர் சொல்லால் விரிக்கிறார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று தம் செயலைக் கூறுகின்றனர். செயல் கைகூடிற்றா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. வென்றவர், தோற்றவர் என்று எவருமிலர். கதை வளர்வதே பயன்.

சதுரங்கத்தின் விதிகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். இவ்விளையாட்டிலோ மனிதன் நினைக்கக்கூடிய எச்செயலுக்கும் விதி வேண்டும். ஆகவே நூல் இல்லாமல் விளையாட்டு இல்லை. எவ்வளவு எழுதினாலும் எழுதாமல் விட்டது மிகுதியாகவே இருக்கும். துணைநூல் பிறப்பதற்கு இதுவே காரணம்.

துணைநூலில் முளைத்த முதல்நூல்

இவ்வகை விளையாட்டுகளுக்கு மூத்தது 1974ஆம் ஆண்டில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நிலவறைகளும் பறவைநாகங்களும் என்பது பெயரின் பொருள். இதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர்.

இம்முதல்நூலின் வேர் ஒரு துணைநூற் பகுதியில் இருக்கிறது என்பது சுவையான செய்தி. 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற பெயரில், சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு இடைக்காலப் போரை ஆடுவதற்கான விதிநூல் ஒன்றை வெளியிட்டனர். அதன் இறுதியில் மந்திரவாதி, பறவைநாகம் முதலிய கற்பனைப் பொருள்களுக்கான பிற்சேர்க்கை ஒன்று இருந்தது. மின்னசோட்டா மாநிலத்து ஆர்னிசன் தம் நண்பர்களுடன் ஆடிய கற்பனை ஆட்டத்தில் அவ்விதிகளை எடுத்தாண்டார். தமக்கு வேண்டியவாறு மாற்றியும் கொண்டார். அவருடைய ஆட்டத்தைக் கண்ட கைகாக்ஸ் அவரோடு சேர்ந்து புதிய விளையாட்டை எழுதினார். சார்பாக வந்த பகுதி முதலாக மாறிற்று.

அவ்விளையாட்டை வெளியிடுவதற்கென விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் டி.எஸ்.ஆர். நிறுவனம் தொடங்கப்பட்டது. முதற்பதிப்பு 1,000 படிகள். விலை 10 அமெரிக்க வெள்ளி. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். மூன்றும் சேர்ந்து 112 பக்கமே. எனினும் இந்தப் பெட்டி தன்னளவில் முழுமையானதன்று. போர் விதிக்குச் செயின்மெயிலையும், காட்டு வழிப் பயணத்திற்கு வேறொரு நிறுவனத்தின் விளையாட்டுப் பலகையையும் கைக்கொள்ளுமாறு அந்நூலே கூறியது. விளையாட்டுச் சங்கங்களில் பழகியவர்க்கு இது தடையாகவில்லை. புதியவர்க்கோ வாயிற்படியே உயரமாக இருந்தது.

அடுத்த ஆண்டே துணைநூல்கள் வரலாயின. 1975இல் கிரேஹாக், பிளாக்மூர் என இரண்டு; 1976இல் மேலும் இரண்டு. இவற்றுள் இறுதியானது பல நாட்டுத் தெய்வங்களுக்கும் வீரர்க்கும் ஆற்றல் எண்கள் வகுத்துத் தந்தது. நம் இந்தியத் தெய்வங்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் வரலாற்றில் முதன்மையானது கிரேஹாக். கள்வன் என்ற பாத்திரத்தை அது சேர்த்தது. அத்தோடு நிற்காமல், ஒவ்வோர் ஆயுதத்திற்கும் வெவ்வேறு தாக்கம் என அடிப்படை விதியையே மாற்றியது. முன்னர்ச் சிறு கத்தியும் பெரிய வாளும் ஒரே அளவு காயம் விளைத்தன. கிரேஹாக் வந்தபின் அதை வாங்கிய மேசையில் ஒரு விதி, வாங்காத மேசையில் ஒரு விதி என்றாயிற்று. சேர்க்கும் துணைநூல் வேறு, மாற்றும் துணைநூல் வேறு என்பதை நேயர்கள் இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். பின் வந்த பூசல்களுக்கெல்லாம் இதுவே வித்து.

1977: இரு பாதைகள்

மூன்று சிறு நூலும் நான்கு துணைநூலும் ஒன்றோடொன்று முரணிக் கிடந்த நிலையில், 1977ஆம் ஆண்டில் நிறுவனம் இரு பாதைகளை வகுத்தது. முதற்பாதை தொடக்கநிலையினர்க்கு உரியது. எரிக் ஹோம்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர், சிதறிய விதிகளைத் தொகுத்து 48 பக்க நூலாக்கினார். முதல் மூன்று படிகளை மட்டுமே அது கற்பித்தது. ஆயினும் கடையில் ஒரு பெட்டியை வாங்கிய சிறுவன் வேறொருவர் துணையின்றி ஆடத் தொடங்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

இரண்டாம் பாதை மேல்நிலைக்குரியது. 1977இல் பூதங்களைப் பற்றிய நூல், 1978இல் ஆட்டக்காரர் நூல், 1979இல் நடத்துநர் நூல் என மூன்று கெட்டி அட்டை நூல்கள் வெளிவந்தன. இங்கே பிரிவினை வாசிப்பவரைப் பொறுத்தது. ஆட்டக்காரர்க்கு 128 பக்க நூல் ஒன்றே போதும். புதையல்களின் மறைபொருளும் பூதங்களின் ஆற்றலும் நடத்துநர் கையில் இருந்தால் போதும்; ஆட்டக்காரர் அறிந்தால் சுவை கெடும். மாணவர் நூல், ஆசிரியர் கைந்நூல் என நாம் பிரிப்பதைப் போன்றதே இது. பல நூலாகப் பிரித்தும் எவர்க்கும் இடர் விளையாத முறை என்று இதனைப் பாராட்டலாம்.

படிமுறைப் பெட்டிகளும் பெருந்தொகுப்பும்

தொடக்கநிலைப் பாதை பின்னர் நன்கு வளர்ந்தது. 1981இல் டாம் மோல்ட்வே அடிப்படை நூலையும், டேவிட் குக் அதன் அடுத்த நிலை நூலையும் எழுதினர். 64 பக்கம் கொண்ட அவ்விரு நூல்களின் தாள்களிலும் துளையிட்டிருந்தனர். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து ஒரு நூலாக்கிக்கொள்ளலாம் என்பது கருத்து. பின்னர் ஃபிராங்க் மென்ட்சர் 1983 முதல் 1986 வரை ஐந்து பெட்டிகளாக அதனை விரித்தார். சிவப்புப் பெட்டி முதல் மூன்று படிகளுக்கு. நீலம் பதினான்காம் படிவரை. பச்சை இருபத்தைந்து வரை. கறுப்பு முப்பத்தாறு வரை. பொன்னிறப் பெட்டி சாவா நிலை எய்தியவர்க்கு.

சிவப்புப் பெட்டியில் ஒரு நற்பண்பு உண்டு. விதிகளை அடுக்காமல், ஒரு சிறுகதையைக் கூறிக்கொண்டே, நடுநடுவே பகடையை உருட்டச் செய்து, ஆட்டத்தைத் தானே கற்கும்படி அது அமைந்தது. நாம் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற, எளிதிலிருந்து அரிதிற்கு என்னும் நெறி அது. பிள்ளை ஏறிய படிக்கு ஏற்ப அடுத்த பெட்டியை வாங்கினால் போதும்; ஏறாத படிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

1991இல் ஏரன் ஆல்ஸ்டன் இப்பெட்டிகளுள் முதல் நான்கின் விதிகளையும் தொகுத்து, 304 பக்கத்தில் ஒரே நூலாக்கினார். ரூல்ஸ் சைக்ளோபீடியா, அஃதாவது விதிக் களஞ்சியம் என்பது அதன் பெயர். முதற்படி முதல் முப்பத்தாறாம் படி வரை, பூதம், புதையல், கோட்டை, கடற்பயணம் ஆகிய யாவும் ஒரே அட்டைக்குள் அடங்கின. முழுநூல் என்ற பெயர்க்கு இதனினும் தக்க சான்று அரிது. எனினும் அதிலும் ஒரு குறை நேர்ந்தது. கதை சொல்லிக் கற்பித்த பகுதிக்கு அதில் இடமில்லை. கற்றவர்க்கு அது களஞ்சியம், கல்லாதவர்க்குக் காடு. இதனாற்போலும், புதியவர்க்கென வேறொரு தொடக்கப் பெட்டியையும் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. அனைத்தும் அடங்கிய நூல் அனைவர்க்கும் ஏற்ற முதல்நூல் ஆகிவிடாது என்பது இதனால் பெறப்படும்.

தனித்தாள் தந்த பாடம்

முழுநூலுக்கும் துணைநூலுக்கும் இடையே ஒரு நடுவழியும் முயலப்பட்டது. 1989இல் மேல்நிலை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, பூதங்களின் நூலைக் கட்டிய நூலாக்காமல், கோப்பில் கோக்கும் தனித்தாள்களாக அச்சிட்டனர். புதிய பூதங்கள் வரும்போது தாள்களை வாங்கி அகர வரிசையில் இடையிடையே செருகிக்கொள்ளலாம். துணைநூலே முழுநூலுக்குள் கரைந்துவிடும் என்று எண்ணினர்.

எண்ணம் அழகியது, செயலிலோ பிழைத்தது. தாளின் ஒரு பக்கத்தில் ஒரு பூதம், மறுபக்கத்தில் வேறொரு பூதம் என அச்சாகியிருந்தமையால், புதுத் தாள்கள் வர வர அகர வரிசை குலைந்தது. முன்பக்கத்தை வரிசையில் வைத்தால் பின்பக்கம் வரிசை தவறும். துளைகள் கிழிந்து தாள்கள் உதிர்ந்தன. முடிவில் 1993இல், 384 பக்கம் கொண்ட கட்டிய நூலாகவே அதனை மீண்டும் வெளியிட்டனர். வகுப்பறையில் தனித்தாள் பயிற்சிகளை ஆண்டிறுதி வரை காத்துவைக்க முயன்ற ஆசிரியர் எவரும் இதைக் கேட்டு வியப்படையார்.

பெருக்கமும் வீழ்ச்சியும்

துணைநூல் ஏன் பெருகுகிறது? முழுநூலை வாங்கியவர் அதன்பின் எதையும் வாங்க வேண்டியதில்லை. வெளியிட்டவர்க்கோ ஒவ்வோர் ஆண்டும் அடுப்பெரிய வேண்டும். 1985இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் பணமுடையில் சிக்கியபோது, கைகாக்ஸ் பெரும்பாலும் தாம் இதழில் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி அன்எர்த்டு ஆர்கேனா என்ற துணைநூலாக வெளியிட்டார். அது நன்கு விற்றது. ஆனால் அதில் வந்த புதிய வீரர்கள் பழைய வீரரினும் வலியர் என்ற முறையீடும் எழுந்தது. புதிய நூல் விற்க வேண்டுமாயின் அதில் ஏதேனும் ஒரு மேன்மை இருத்தல் வேண்டும். அம்மேன்மை ஆற்றலாக அமையுமாயின், பழைய நூலை மட்டும் உடையவர் மேசையில் மெலியராகிறார்.

1989 முதல் வீரர்க்கு ஒரு நூல், கள்வர்க்கு ஒரு நூல், குருமார்க்கு ஒன்று, மந்திரவாதிக்கு ஒன்று என வரிசை நீண்டது. விளையாட்டு நிகழும் கற்பனை உலகங்களும் பெருகின. பாலைநில உலகம், பேய்கள் திரியும் உலகம், விண்மீன்களிடையே மரக்கலம் ஓடும் உலகம் என ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பெட்டியும் நூல்களும் வெளிவந்தன. அவற்றுட் சில இன்றும் போற்றப்படுபவை. ஆயினும் பாலை உலகத்து ஆட்டக்காரர் பேயுலக நூலை வாங்கவில்லை. வாசகர் கூட்டம் பல தீவுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு தீவுக்கும் நூல் எழுதும் செலவோ குறையவில்லை. 1996 இறுதியில் விற்காத நூல்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. 1997இல் அந்நிறுவனத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்னும் வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. வீழ்ச்சிக்குக் காரணம் பல; வாசகரைத் துண்டாடிய துணைநூற் பெருக்கம் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அறிவைக் கூட்டும் துணைநூல்

இதனால் துணைநூல் யாவும் தீது என்று முடிவு கட்டலாகாது. டெக்சஸ் மாநிலத்து ஸ்டீவ் ஜாக்சன் 1986இல் கர்ப்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார். பழங்காலம், இக்காலம், விண்வெளி ஆகிய எக்கதைக்கும் ஒரே விதித்தொகுதி என்பது அதன் கொள்கை. அதன் துணைநூல்கள் பெரும்பாலும் விதியைப் பெருக்குவதைவிடப் பொருளை விளக்குவதையே நோக்கமாகக் கொண்டன. பேரரசுக் கால உரோமாபுரி, வைக்கிங் மக்கள், பழைய சப்பான் எனப் பொருள்தோறும் ஒரு நூல். உணவு, உடை, ஆட்சி, போர்முறை ஆகியவை அவற்றில் விளக்கப்பட்டன. விளையாடாதவரும் படிப்பதற்கென்றே அவற்றை வாங்கினர். அடிப்படை நூல் மட்டும் உடையவர் அதனால் எதையும் இழக்கவில்லை. துணைநூல் உடையவர் கூடுதலாகக் கதை சொன்னார். சிறந்த துணைநூலின் இலக்கணம் இதுவே.

விண்வெளிக் கதைகளுக்கான டிராவலர் என்ற விளையாட்டும் ஈண்டுக் கருதத்தக்கது. 1977இல் மூன்று கறுப்பு அட்டைச் சிறுநூல்களாக அது வந்தது. தொடர்ந்து கூலிப்படை, விண்கடற்படை எனத் தனிப்பொருள் நூல்கள் பிறந்தன. 1982இல் அடிப்படை மூன்றையும் ஒன்றாக்கி முழுநூல் வெளியிட்டனர். பிரிதலும் கூடுதலும் ஒரு நிறுவனத்தின் போக்கு மட்டுமன்று, இவ்வகை நூல்களின் இயல்பு என்பது இதனால் தெளிவாகும்.

அண்மைக் காலம்

2009இல் பெய்சோ என்னும் நிறுவனம் பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிட்டபோது, ஆட்டக்காரர் நூலையும் நடத்துநர் நூலையும் இணைத்து 576 பக்கத்தில் ஒரே நூலாக்கியது. 2019இல் வந்த இரண்டாம் பதிப்பும் அவ்வாறே, 640 பக்கத்தில் அமைந்தது. ஆனால் 2023இல் அதனைத் திருத்தி வெளியிட்டபோது, ஆட்டக்காரர்க்கு ஒரு நூல், நடத்துநர்க்கு ஒரு நூல் என அதே நிறுவனம் பிரித்துவிட்டது. கனமான நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடும் புதியவர் நிலையை எண்ணிப் பார்த்தால், இம்மாற்றத்தின் பயன் விளங்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, மூன்று கெட்டி அட்டை நூல் என்ற பழைய பிரிவினையையே கொண்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 அமெரிக்க வெள்ளி. ஆனால் அவ்வாண்டிலேயே அடிப்படை விதிகளைச் சுருக்கி, எவரும் விலையின்றி இணையத்தில் பெறுமாறும் செய்தனர். நான்கு பாத்திர வகைகள், விளையாடப் போதுமான விதிகள், அவ்வளவே. 1974இல் உயரமாக இருந்த வாயிற்படி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தரைமட்டமாயிற்று. அதன்பின் வந்த துணைநூல்கள் பலவாயினும், வாயில் திறந்தே இருந்தது.

முடிவு

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? நூல் ஒன்றா பலவா என்பது முதல் வினாவன்று. முதல்நூல் தன் காலில் நிற்கிறதா என்பதே முதல் வினா. ஹோம்ஸின் 48 பக்கமும் நின்றது. ஆல்ஸ்டனின் 304 பக்கமும் நின்றது. துணைநூல் பொருளைக் கூட்டுகிறதா, விதியை மாற்றுகிறதா என்பது இரண்டாம் வினா. கூட்டுவது பந்தல்மேற் படரும் கொடி. அது எவ்வளவு படர்ந்தாலும் பந்தலுக்கு அழகே. மாற்றுவதோ பந்தற்காலைப் பெயர்த்து நடுவது. அடியில் அமர்ந்திருப்பவர் எழுந்து போக நேரும்.

இத்தீர்ப்பை அம்மாணவர்க்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "ஐவரும் சேர்ந்து முதல்நூல் ஒன்றை வாங்கி மேசை நடுவே வையுங்கள். கதைக்கு வேண்டியபோது மட்டும் துணைநூல் தேடுங்கள். எந்தத் துணைநூலும் ஒருவர்க்கு மட்டும் ஆற்றல் தருவதாயின் அதை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்" என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதலில் நாங்கள் ஆறு பேர், ஐயா" என்றார். துணைநூல்கள் வந்தபின் ஐவரும் ஆளுக்கொன்று வாங்கினராம், ஆறாமவரால் இயலவில்லை. பழைய நூலின் பாத்திரத்தோடு சில வாரம் வந்தார். எந்தப் போரிலும் அவர் செய்வதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. பின்னர் வரவில்லை. எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

நம் வகுப்பறையிலும் இரவலாகக் கிடைக்கும் பாடநூல் அனைவர் கையிலும் இருக்கிறது. விலைகொடுத்து வாங்கும் பயிற்சிநூலோ சிலர் கையில் மட்டுமே. பாடத்தைப் பாடநூலிலிருந்து நடத்திவிட்டு வினாவைப் பயிற்சிநூலிலிருந்து கேட்கும்போது, பின்வரிசையில் ஒரு பிள்ளை தலை குனிவதை நானும் பல ஆண்டுகள் கவனியாமல் இருந்திருக்கிறேன்.

ஆறாமவரை மீண்டும் அழைக்கப் போவதாக அம்மாணவர் கூறினார். அடுத்த விடுமுறையில் அவரையும் உடன் அழைத்து வருமாறு சொல்லியிருக்கிறேன்.